உபதேசியார் பள்ளம்

சூசைமாணிக்கம் உபதேசியார் முழங்காலிட்டிருந்த இடத்தில் தரை கீழே இறங்க ஆரம்பித்தது 1953ஆம் வருடத்துத் தவக்காலத்தில். அதே வாரம் திண்டுக்கல் பேகம்பூரில், தோல் ஊறவைக்கும் ஆவாரம்பட்டையின் விலை ஏறி, தோல் பதனிடும் ஷாப்புகளில் பாதிப் பேரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால், ராயப்பர்களத்தில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் ஒரு விரற்கடைகூட இல்லை. சேசுவின் ஐந்து காய மந்திரம் சொல்லி முடித்து அவர் எழுந்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே ஒரு முறம் அகலத்துக்குத் தரை தாழ்ந்திருந்தது. மண் ஓரத்தில் ஒதுங்கவும் இல்லை, குவியவும் இல்லை. இருந்த மண் இருந்தபடியே கீழே போயிருந்தது. எலி வளை என்றார்கள் சிலர். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ராயப்பர்களம் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர். ஒரு காலத்தில் சோளமும் கம்பும் அடித்த களம். ஷாப்புகளின் கழிவு ஓடை வழியாக வந்து கிணறுகளில் இறங்கியதும் தண்ணீர் கஷாய நிறமாகிவிட்டது. வாயில் வைத்தால் உப்பும் துவர்ப்பும் சேர்ந்து அடித்தது. பயிர் கருகியது. ஆண்கள், தங்கள் கிணற்றைக் கெடுத்த அதே ஷாப்புகளுக்குச் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டப் போனார்கள். பெண்கள் புளியந்தோப்புக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்கள். ஊரில் சிறிய கோவில் ஒன்று உண்டு. பங்குச் சாமியார் டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமைச் செபம், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேசு மரி சூசை என்று காதில் ஓதுவது, பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் ஓடிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு.

அவர் கெட்ட மனிதர் இல்லை. சாப்பிட்டால் படுக்கவேண்டும், எழுந்தால் தித்திப்பாகக் காப்பி வேண்டும், அவ்வளவுதான். அதோடு, கூப்பிடப்படுவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. தெருவில் யாராவது ஓடிவரும் சத்தம் கேட்டால் உடனே கிளம்பமாட்டார். வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருப்பார். பிறகு சட்டையை மாட்டி, தலையைச் சீவி, மேல்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, தெருவே பார்க்கும்படி நடப்பார். வழியில் பெண்கள் முக்காடு போட்டு ஒதுங்குவார்கள். மாதம் மூன்று தடவை சாவும் பிறப்புமாக இருந்தால் அவர் முகத்தில் ஒரு களை வந்துவிடும் என்று அவர் மனைவி செபாஸ்தியம்மாளே சொல்லிச் சிரிப்பாள்.

1951ஆம் வருடம் ஆவணி மாதம் மத்தியானம் முத்துச்சாமி ஓடிவந்தான். சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். அவன் பெண்சாதி பொன்னழகுக்கு ஆண் பிள்ளை பிறந்து, மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. உபதேசியார் சாப்பிட்டுக் கண் அயர்ந்திருந்தார். "செத்த நேரம் பொறுப்பா, வாரேன்" என்று உள்ளேயிருந்து சொன்னார். எழுந்து முகம் கழுவினார். சட்டை போட்டார். தலை சீவினார். அவர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைத் துணியால் மூடியிருந்தார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, நடுவில் இருட்டாக ஓர் இடம் உண்டு, அதில் அழுகையும் கிடையாது, ஆண்டவர் முகமும் கிடையாது என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ராயப்பர்களத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே சூசைமாணிக்கம்தான். பொன்னழகு மந்திரம் படித்ததும் அவரிடம்தான். அவள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்கக்கூடாது என்பதால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பெயரும் கிடையாது, சிலுவையும் கிடையாது, மணியும் அடிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் உபதேசியார் அந்தச் சின்ன மேட்டின் கால்மாட்டில் போய் முழங்காலிட்டார். அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார். விடியுமுன் ஐந்து காய மந்திரம், பொழுது சாய்ந்ததும் செபமாலை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபம், இரண்டும் அதே இடத்தில், வெறும் தரையில். மத்தியானத் தூக்கம் இல்லை. காப்பியை விட்டார். தவக்காலம் முழுக்க ஒருசந்தி நோன்பு. மற்ற மாதங்களில் புதனும் வெள்ளியும் ஒருவேளைச் சோறு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல். முன்கோபம் வந்தால் உள்ளங்கையில் மிளகை வைத்து இறுக்கிக்கொள்வார். இதெல்லாம் ஒரு மாதம் என்று ஊர் சொன்னது. அவர் விடவில்லை. ஒழுங்கு அவருக்கு நல்லதுதான் செய்தது, அதை மறைக்கக்கூடாது. பிறகு வந்த வருடங்களில் ராயப்பர்களத்தில் ஒரு சாவுக்கும் அவர் பிந்தவில்லை. வாந்திபேதி கண்ட வீட்டில் பெற்ற மகனே வாசலில் நின்றபோது அவர் உள்ளே போய்க் கழுவி விட்டார். கூப்பிடும் முன்பே வந்து நின்றார். சட்டையில்லாமல் ஓடினார். ஆனால் பொன்னழகு மட்டும், கல்லறைச் சுவர் ஓரமாகத் தண்ணீர்க் குடத்தோடு காலையிலும் மாலையிலும் அவரைத் தாண்டிப் போகும்போது, ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லை. உபதேசியாருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவள் திரும்பிப் பார்த்து, போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

தரை அவரோடு இறங்கிக்கொண்டே இருந்தது. 1955இல் அவர் முழங்காலிட்டால் தலை மட்டும் தெரிந்தது. செம்மண் போய்ச் சரளை வந்தது, சரளை போய்ச் சுக்கான்கல் வந்தது. வெட்டுகிறவன் கடப்பாறை வளையும் கல், அவர் முழங்காலுக்கு மாவுபோல் வழிவிட்டது. பங்குச் சாமியார் வந்து எட்டிப் பார்த்தார். இது பெருமைக்கு இடம் கொடுக்கும், கோவிலுக்குள் வந்து செபியும் என்று கட்டளை கொடுத்தார். உபதேசியார் கீழ்ப்படிந்தார். ஒரு வாரத்தில் புதிதாகக் காரை போட்ட கோவில் தரை பீடத்துக்கு முன்னால் கிண்ணம்போல் குழிந்துவிட்டது. சாமியார் கையைப் பிசைந்துகொண்டு அவரைப் பழைய இடத்துக்கே அனுப்பினார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா என்று தெரியாது.

பேகம்பூரில் கயிற்றுக்கடை வைத்திருந்த அப்துல் சுக்கூர் ராவுத்தர் கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "அஞ்சு வேளையும் நாங்களும்தான் தலையக் கீழ வைக்கிறோம். எங்களுக்கு நெத்திதான் தேஞ்சிருக்கு, தரை தேயலையே" என்றார். பிறகு, ஏணி எட்டாத ஆழம் வரப்போகிறது என்று சொல்லி முடிச்சுப் போட்ட நார்க்கயிறு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வருடாவருடம் அதை நீட்டிக் கட்ட ஆள் அனுப்பினார்.

ஆழம் கூடியபோது ஊருக்கு ஆசை வந்தது. இப்படியே போனால் தண்ணீர் வராமல் எங்கே போகும்? ஷாப்புத் தண்ணீர் எட்டாத ஆழத்தில் பாறைக்குக் கீழே தித்திப்பு ஊற்று இருக்கும் என்று எல்லோரும் ஒரே மனதாக நம்பினார்கள். 1958இல் பள்ளத்தைச் சுற்றிக் கல் கட்டினார்கள், தண்ணீர் இறைக்கக் கமலை நட்டார்கள், மாடு நடக்க வாரி வெட்டினார்கள், தோலில் சாலும் தைத்து வைத்தார்கள். தண்ணீர் மட்டும்தான் பாக்கி. ஊர்க்கூட்டம் உபதேசியாரிடம் வந்து, இரண்டு வேளை செபத்தை நாலு வேளையாக்கும்படி கும்பிட்டுக் கேட்டது. அவரும் சரி என்றார். பெண்கள் தண்ணீர் சுமப்பதைத் தினம் பார்க்கிறவர்தானே. நாலு வேளை செபித்தார், ஐந்து வேளை செபித்தார், முழங்காலுக்குக் கீழே கூழாங்கல்லைப் பரப்பிக்கொண்டு செபித்தார். தரை நின்றுவிட்டது. அடுத்த வருடம் முழுவதும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. நம்பிக்கை போய், ஆட்கள் கமலைக் கட்டைகளை விறகுக்குப் பிரித்தார்கள். உபதேசியார் பழையபடி காலையும் மாலையும் போதும் என்று திரும்பினார், தரையும் பழையபடி இறங்கியது. ஒருதரம் காய்ச்சலில் ஒரு வேளை தவறியதற்கு அது ஒரு முழம் மேலே ஏறிவந்து நின்றது. அதன் பிறகு ஊர் அவரை எதுவும் கேட்கவில்லை.

1962ஆம் வருடம் சித்திரையில் அவருடைய மகள் சகாயசெல்வி கீரனூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை ஒரு விடியற்காலையில் பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்து, வாயை மட்டும் மீன்குஞ்சு மாதிரி திறந்து மூடியது. செபாஸ்தியம்மாள் பள்ளத்துக்கு ஓடினாள். அப்போது உபதேசியார் கயிற்றைப் பிடித்து மேலே வருவதற்குள் ஒரு செபமாலை சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு ஆழம். அவர் பிடித்து ஏறினார், சறுக்கினார், மறுபடி ஏறினார், உள்ளங்கை உரிந்து மறுபடி சறுக்கினார். மேலே தெரிந்த வட்டமான வெளிச்சத்தில் மனைவியின் தலை ஆடியது. அவள் பக்கத்தில், புளியந்தோப்பிலிருந்து வரும் வழியில் இடுப்பில் நிறைகுடத்தோடு பொன்னழகு நின்றிருந்தாள். ஓர் உயிர் போகிற நேரத்தில் நடக்க மனம் வராமல் நின்றிருக்கவேண்டும்.

"ஏம்மா, நான் வாரதுக்குள்ள போயிரும்" என்று கீழேயிருந்து அவர் மனைவியிடம் கத்தினார். "நீயே ஊத்து. யாரு வேணும்னாலும் ஊத்தலாம்!"

"நானா? பொம்பள ஊத்தலாமா?"

"ஊத்தலாம். ஆபத்துக்கு ஆரு வேணும்னாலும் ஊத்தலாம். தலையில தண்ணிய விட்டுக்கிட்டே, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே ஒன்னய நான் கழுவுறேன்னு சொல்லணும், அம்புட்டுத்தான். ஓடு!"

இரண்டு பெண்களும் ஓடினார்கள். வீட்டுக்குள் போனதும் செபாஸ்தியம்மாளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேரப்பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அழுதாளே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. குடம் பொன்னழகின் இடுப்பில் இருந்தது. அவள்தான் கையில் தண்ணீர் அள்ளினாள். அவள்தான் வார்த்தைகளைச் சொன்னாள், ஒன்றும் தவறாமல். பெயர் சொல்லு, பெயர் சொல்லு என்று யாரோ பதறியபோது, தன் பிள்ளைக்கு வைக்க நினைத்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த சந்தியாகு என்ற பெயரைக் கொடுத்தாள். வெயில் ஓட்டுக்கு ஏறுவதற்குள் பிள்ளை இறந்துபோனது. சாயங்காலம் அதைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே அடக்கம் செய்தார்கள். மணி அடித்தது. சந்தியாகு என்று எழுதிய சின்ன மரச்சிலுவை நட்டார்கள். சுவருக்கு வெளிப்பக்கம் அதற்கு நேராகத்தான் பொன்னழகின் பிள்ளை பெயரில்லாமல் கிடந்தது.

எல்லோரும் போனபிறகு பொன்னழகு பள்ளத்தின் விளிம்புக்கு வந்தாள். அடக்கத்துக்கு மேலே வந்திருந்த உபதேசியார் அப்போதுதான் மாலைச் செபத்துக்குக் கீழே இறங்கியிருந்தார். வருடக்கணக்காகப் பேசாதவள் குனிந்து பேசினாள்.

"ஒபதேசியாரே. அன்னைக்கு என் வீட்டுலயும் கொடத்துல தண்ணி இருந்துச்சு. நானே ஊத்தியிருந்தா செல்லுமா?"

கீழேயிருந்து உபதேசியார் "செல்லும்" என்றார்.

"அது ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் தாயி. உபதேசியார் வேலைக்கு வந்த அன்னைக்கே தெரியும்."

"பெறகு ஏன் எங்களுக்குச் சொல்லித் தரல?"

இந்தக் கேள்வியை அவரிடம் எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் அன்றைக்குத் தூங்கினேன், சோம்பலாயிருந்தேன் என்றுதான் சொல்லிவந்தார். அதற்கு மன்னிப்பும் கிடைத்துவந்தது. மிளகை இறுக்கியதும், சோற்றைக் குறைத்ததும், முழங்கால் தேய்ந்ததும் தூக்கத்துக்காக. தூக்கத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. அவ்வளவு பெரிய ஒழுங்கைக் கட்டி எழுப்பி, அதற்குள்ளேயே அந்த மனிதர் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார், தனக்கே தெரியாமல்.

"என்னயக் கூப்புட ஆள் ஓடி வரணும்னு இருந்தேன்" என்றார் கடைசியில். "எல்லாத்துக்கும் தெரிஞ்சா என்னய ஏன் கூப்புடப் போறாகன்னு இருந்தேன்."

பொன்னழகு அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று மாலை அவர் செபத்தைத் தொடங்கும் முன்பே தரை ஒரேயடியாக இறங்கியது. விளிம்பில் கட்டியிருந்த கயிறு விறைத்து, அவர் கையிலிருந்து உருவிக்கொண்டது. காலையில் அப்துல் சுக்கூர் ராவுத்தர் கடையிலிருந்த கயிற்றையெல்லாம் கொண்டுவரச் செய்து ஒன்றோடொன்று முடிந்து விட்டுப் பார்த்தார். நுனி எதிலும் தட்டவில்லை. தூக்குவாளியில் சோறு அனுப்பினார்கள். வாளி சோறோடு திரும்பி வந்தது. ஆனால் விடியுமுன் ஐந்து காய மந்திரமும், பொழுது சாய்ந்ததும் ஐம்பத்து மூன்று மணி செபமும் அதே குரலில், அதே வேகத்தில் மேலே கேட்டன. சாப்பிடாதவர் எப்படிச் செபிக்கிறார் என்று கொஞ்ச நாள் பேச்சு நடந்தது. பிறகு தீபாவளிக்கு ஷாப்பில் போனஸ் உண்டா இல்லையா என்ற பேச்சு வந்துவிட்டது.

செபாஸ்தியம்மாள் ஒரு வருடம் தினமும் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் பதில் சொன்னார், ஆனால் ஏறிவர வழியில்லை என்று சொன்னார். அவள் மகளோடு கீரனூர் போய்விட்டாள். டவுனிலிருந்து வேறு சாமியார் வந்தார். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியது, பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள், ஒருசந்தி நாட்களைக் குறைத்தார்கள். கீழே எதுவும் மாறவில்லை. பரிசுத்த ஆவிக்கு இஸ்பிரீத்து சாந்து என்ற பழைய சொல்லை ஊரில் கடைசியாகக் கேட்டது அந்தப் பள்ளத்திலிருந்துதான். ஆடு விழுகிறது என்று பஞ்சாயத்தில் இரும்புக் கம்பி அடித்து மூடினார்கள். தண்ணீர் வரவேயில்லை. அந்தத் தலைமுறையில் ராயப்பர்களத்துப் பெண்கள் புளியந்தோப்புக்கே நடந்தார்கள். அங்கேயும் நிறம் மாற ஆரம்பித்தது.

பொன்னழகு வீடு வீடாகப் போனாள். பிள்ளை பெறப்போகிறவள், மருத்துவச்சி, சிறுபெண், பக்கத்துத் தெருவில் எந்த மதத்துக்காரி என்றாலும் உட்காரவைத்து, எப்படித் தண்ணீர் ஊற்றவேண்டும், என்ன சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அதன் பிறகு பிள்ளை இல்லை. சுவருக்கு வெளியே ஒரு சிலுவை நட அனுமதி கேட்டு இரண்டு சாமியார்களிடம் போனாள். ஒருவர் முடியாது என்றார், அடுத்தவர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றவர் மாற்றலாகிப் போனார். முத்துச்சாமி கையில் சுண்ணாம்புப் புண் புரையோடிச் செத்தான்.

ஆனால் ஒருநாள் தவறாமல், மழையானாலும், காய்ச்சலானாலும், புருஷனை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட, மாலைச் செபம் முடிகிற நேரத்துக்கு அவள் கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கடைசி மணி சொல்லி ஓய்ந்ததும், எவ்வளவோ கீழேயிருந்து குரல் வரும்.

"பொன்னழகு. மன்னிச்சிட்டியா தாயி?"

அவள் யோசிப்பாள். வெடுக்கென்று சொல்லமாட்டாள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தேடிப் பார்க்கிறவள் மாதிரிக் கண்ணை மூடி நிற்பாள்.

"இன்னைக்கு இல்ல" என்பாள்.

"சரி தாயி. நாளைக்கு வாரியா?"

"வாரேன்."

கீழே தரை ஒரு விரற்கடை இறங்கும் சத்தம் கேட்கும். 1969இல் ஊருக்குக் கரண்டு வந்து, கோவிலில் ஒலிபெருக்கி கட்டிய பிறகும், ராயப்பர்களத்துப் பெண்கள் அந்த நேரத்தைக் கணக்கு வைத்துத்தான் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்தார்கள்.